காசு கட்டி ஆமைக்குக் காவல் போவது எப்படி

"சம்பளம் எவ்வளவு தருவான்?" என்றுதான் அத்தை முதலில் கேட்டார்.

"தரமாட்டாங்க அத்தை, நாமதான் கட்டணும்."

"வேலையும் செஞ்சு காசும் கொடுக்கணுமா? நல்லா இருக்கே கதை!"

அத்தை கேட்டதில் தப்பே இல்லை. வெளிநாட்டில் கடல் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போக நினைக்கும் யாரும் முதலில் இந்தக் கேள்விக்குத் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் தூத்துக்குடிக்காரி, படித்தது விலங்கியல். 2024 ஜூனில் மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் உள்ள பெர்ஹெந்தியான் தீவுகளில் நான்கு வாரம் ஆமைத் திட்டம் ஒன்றில் பயிற்சியாளராக இருந்தேன். போய் வந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு பேராவது "எப்படிப் போனீங்க?" என்று கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

காசு எதற்கு என்றால், தீவில் உங்களுக்குச் சோறு போட வேண்டும், படகுக்கு எரிபொருள் ஊற்ற வேண்டும், வருடம் முழுக்க அங்கே இருக்கும் உள்ளூர் ஊழியர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். நாம் நான்கு வாரம் இருந்துவிட்டு வந்துவிடுவோம், கடற்கரையை அவர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். நான் கட்டிய 5,000 ரிங்கிட்டில் தங்குமிடம், சாப்பாடு, படகு எல்லாம் அடக்கம். அப்போதைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 88,000 ரூபாய். விமான டிக்கெட் தனி. இரண்டு வருடம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு அது. கடன் வாங்கியெல்லாம் போகிற அளவுக்கு இது ஒன்றும் அவசரமில்லை. உள்ளூரிலேயே இதே வேலையைக் காசில்லாமல் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. இந்தத் திட்டத்துக்கு முன்னால் ஒரு இடைத்தரகு நிறுவனத்துக்கு முன்பணமாக 15,000 ரூபாய் அனுப்பினேன். அழகான படங்கள், அதில் எல்லார் கையிலும் ஒரு ஆமைக்குஞ்சு, எல்லார் முகத்திலும் சிரிப்பு. எந்தக் கடற்கரை, யார் அனுமதி கொடுத்தது, இரவில் யார் கூட வருவார்கள் என்று மூன்று மின்னஞ்சலில் கேட்டேன். மூன்றுக்கும் "நீங்கள் மறக்க முடியாத அனுபவம் பெறுவீர்கள்" என்றே பதில் வந்தது. நான்காவதுக்குப் பதிலே இல்லை. பணமும் போச்சு.

அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டேன். விளம்பரப் படத்தை விட்டுவிடுங்கள், அவர்கள் எதையெல்லாம் "கூடாது" என்கிறார்கள் என்று பாருங்கள். குஞ்சுகளை எத்தனை நாள் தொட்டியில் வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். பொரித்த குஞ்சு முதல் நாள் முழுக்கத் துடுப்பை நிறுத்தாமல் அடித்து ஆழ்கடலுக்கு ஓடுகிற வேகத்தில் இருக்கும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் அதற்கு எரிபொருள். சுற்றுலாக்காரர் பார்த்துப் படமெடுக்கவென்று அதைத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் நீந்தவிட்டால் அந்தச் சக்தி அங்கேயே தீர்ந்துவிடும். "வெச்சுக்க மாட்டோம், வந்த ராத்திரியே விட்டுருவோம்" என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். அடுத்து, முட்டைகளை இடம் மாற்றுகிறீர்களா, எப்போது, ஏன்? மீன்வளத் துறை அனுமதி யார் பெயரில் இருக்கிறது? நாங்கள் எழுதும் கணக்கு கடைசியில் எங்கே போகிறது? எனக்குக் கிடைத்த திட்டத்தில் இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் பதில் வந்தது. அன்றைக்கே பணம் கட்டினேன்.

எப்போது போவது என்பதைக் கடல் முடிவு செய்துவிடும். மலேசியாவின் கிழக்குக் கரையில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாடைப் பருவம், அலை அதிகம், தீவே ஏறக்குறைய மூடிக்கிடக்கும். மார்ச்சிலிருந்து அக்டோபருக்குள் போக வேண்டும். பச்சை ஆமை நிறைய ஏறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நடுப்பகுதி மாதங்கள். நம் ஊரில் பேராமை என்பார்களே, அதுதான் இந்தப் பச்சை ஆமை.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்கட்டும். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமல் 30 நாள் போகலாம். அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் காசு கிடையாது. கட்டணம் கேட்கும் தளத்தில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒன்று: அந்த 30 நாள் சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு. நீங்கள் எந்த வகை அனுமதியில் வர வேண்டும் என்பதைத் திட்டத்தாரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாரும் இப்படித்தான் வர்றாங்க" என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். குடிநுழைவு அதிகாரி முன்னால் நிற்கப்போவது நீங்கள். பயணக் காப்பீடும் எடுங்கள். கடலில் நடக்கும் விபத்துக்கும் தீவிலிருந்து படகில் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கும் பணம் தருமா என்று அதில் பொடி எழுத்தில் இருப்பதையும் படியுங்கள்.

நீச்சல்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு இருபத்து நான்கு வயது வரை நீச்சல் தெரியாது. எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் கடலில் கால் நனைப்பதோடு சரி. எங்கள் திட்டத்தில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தச் சொன்னார்கள். மூன்று மாதம் காலை ஐந்தரைக்கு நீச்சல் குளத்துக்குப் போனேன், எட்டு வயசுப் பையன்களோடு சேர்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டு காலடித்தேன். மாஸ்க் போட்டு மூச்சுக்குழாயில் (ஸ்நார்க்கல்) மூச்சு விடுவதையும் குளத்திலேயே பழகிவிடுங்கள். கடலில் போய் முதல்முறை பழகினால் பாதி நாள் உப்புத் தண்ணீர் குடிப்பதில் போய்விடும்.

பையில் என்ன இருக்க வேண்டும் என்பதைவிட என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். இரவில் கடற்கரையில் வெள்ளைச் சட்டை ஒரு விளக்கு மாதிரி. கருப்பு அல்லது கருநீலத்தில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட் இரண்டு ஜோடி. நெற்றியில் மாட்டும் விளக்கில் சிவப்பு வெளிச்சம் இருக்க வேண்டும். வெயிலுக்குக் களிம்பு பூசுவதை நம்புவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை வாங்குங்கள், பவளத்துக்கும் அதுதான் நல்லது. மணல் பூச்சி கடிக்கும், அதற்கு மருந்து தடவலாம், ஆனால் முட்டை தொடும் கையில் தடவக் கூடாது. தண்ணீர் புகாத பை ஒன்று. அப்புறம் பென்சில். பேனா ஈரத்தில் எழுதாது. ஐந்து பென்சில் கொண்டுபோனேன், ஐந்தும் தீர்ந்தன.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து கோத்தா பாருவுக்கு ஒரு மணி நேர உள்நாட்டு விமானம், இல்லாவிட்டால் ராத்திரி பஸ். பிறகு கோலா பெசுட் துறையிலிருந்து விரைவுப் படகு. நான் பஸ்ஸில் போனேன், குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது, போர்வை கொண்டுபோங்கள். ரொக்கத்தைக் கோலா பெசுட்டிலேயே எடுத்துவிடுங்கள், தீவில் பணம் எடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். படகில் பின்பக்கம் உட்காருங்கள். முன்பக்கம் உட்கார்ந்தவர்களின் இடுப்பு அன்றைக்கு ராத்திரி வரை பேசிக்கொண்டிருந்தது. மலாய் மொழியில் பெர்ஹெந்தியான் என்றால் நின்று போகும் இடம், அந்தக் கால வியாபாரிகள் தங்கிப்போன தீவு. கப்பலுக்கு மலாயிலும் 'கப்பல்'தான், கடைக்கு 'கெடாய்'. இதைக் கேட்டதும் பாதி பயம் போய்விட்டது.

இனி வேலை. கடலுக்குள் குதித்து ஆமையோடு நீந்துவதுதான் வேலை என்று நினைத்து வருகிறவர்கள் மூன்றாவது நாளே சோர்ந்துவிடுகிறார்கள். வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். இரவு எட்டு மணிக்கு ஒரு குழு, நள்ளிரவுக்கு மேல் இன்னொரு குழு. விளக்கு இல்லாமல், பேசாமல், கரையோரமாக நடப்போம். கண் பழகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பழகிவிட்டால் நட்சத்திர வெளிச்சத்திலேயே மணலில் தடம் தெரியும்.

தடத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சென்னையில் நான் பார்த்திருந்தது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி). அது நாம் நடப்பது மாதிரி இடம் வலம் மாற்றித் துடுப்பு வைக்கும், தடம் பின்னல் போட்டது மாதிரி இருக்கும். பச்சை ஆமை இரண்டு முன் துடுப்பையும் ஒன்றாக ஊன்றி, உடம்பைத் தூக்கி, பொத்தென்று போடும். அதன் தடம் இரண்டு பக்கமும் ஒரே சீராக, ஒரு மீட்டர் அகலத்தில், டிராக்டர் போன மாதிரி இருக்கும். மணல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் ஏறின தடமா இறங்கின தடமா என்று தெரிந்துவிடும். ஒரு தடம் மட்டும் இருந்தால் ஆமை இன்னும் மேலேதான் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அது இடம் தேடும், உடம்பு அளவுக்குக் குழி பறிக்கும், பிடிக்காமல் விட்டுவிட்டு நகரும், மறுபடி பறிக்கும். அந்த நேரத்தில் யாராவது விளக்கடித்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைக் குழியைப் பின் துடுப்பால் தோண்டும்போது கவனியுங்கள். துடுப்பின் நுனியைக் கரண்டி மாதிரிச் சுருட்டி ஒரு பிடி மணலை அள்ளி, சிந்தாமல் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த துடுப்பை உள்ளே விடும். கண்ணால் பார்க்காமலே செய்கிறது. முட்டை விழ ஆரம்பித்த பிறகுதான் நாம் நெருங்கலாம், அதுவும் பின்னாலிருந்து, வயிற்றால் ஊர்ந்து. மெல்லிய நாடாவால் ஓட்டின் நீளம் அகலம் அளப்பது, துடுப்பில் எண் பொறித்த உலோகத் தகடு இருக்கிறதா என்று பார்ப்பது, முட்டைகளை எண்ணுவது, கூட்டின் இடத்தைக் குறிப்பது. அவ்வளவையும் முட்டையிட்டு முடிவதற்குள், அரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

அலை தொடும் இடத்தில் கூடு இருந்தால் மட்டும்தான் முட்டைகளை மேலே கொண்டுபோவோம். அதையும் சில மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். நேரமானால் கரு ஓட்டின் உள்பக்கம் மேலே ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் செத்துவிடும். அதனால் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்க வாளியில் அடுக்கி, குழந்தையைத் தூக்கிப்போவது மாதிரி நடக்க வேண்டும். கூடு வைக்கும் இடமும் கணக்குத்தான். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 டிகிரியில் பாதிக்குப் பாதி, அதற்கு மேல் போகப் போகப் பெண்களே பொரிக்கும்.

தீவுக்குத் தெற்கே, அதே திரங்கானுவின் பெருநிலக் கரையில் ரந்தாவ் அபாங் இருக்கிறது. 1950களில் அங்கே வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஏழுவரி ஆமை (லெதர்பேக்) கூடுகள் இருந்தன. பல பத்தாண்டுகள் முட்டைகளை ஒன்று விடாமல் எடுத்து விற்றார்கள், மீன்பிடி வலைகளிலும் சிக்கிச் செத்தன. காப்பாற்றவென்று வைத்த பொரிப்பகங்களிலும் மணல் சூடு கூடிப்போய்ப் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே வந்தன. இன்றைக்கு அங்கே அந்த ஆமை வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நல்ல எண்ணத்தோடு செய்ததும் பிசகியிருக்கிறது என்பதால்தான் அங்கே எதையும் அளக்காமல், எழுதாமல் செய்ய விடமாட்டார்கள்.

எழுதுவதில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். இரண்டாவது வாரம், என் முறை. ஆமைக்குப் பின்னால் குப்புறப் படுத்து, கையில் எண்ணும் கிளிக்கரை வைத்து, ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு அழுத்து. இரண்டிரண்டாக, சில சமயம் மூன்றாக விழும். 63 வரை வந்தது. அப்புறம் பொத்தானுக்குள் மணல் போய் இறுகிவிட்டது. நான் அழுத்திக்கொண்டே இருக்கிறேன், எண் நகரவில்லை. எத்தனை விழுந்தது என்று மனசிலும் இல்லை. முடிந்ததும் படிவத்தில் 100 என்று எழுதப் போனேன். வழக்கமாகவே நூறை ஒட்டித்தான் இருக்கும், யாருக்கு என்ன நஷ்டம்?

குழுத் தலைவி உள்ளூர்ப் பெண், என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அக்காவை அங்கே 'காக்' என்று கூப்பிடுகிறார்கள், முதல் வாரம் காக்கையைக் கூப்பிடுவது போலவே எனக்கு இருந்தது. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பார்த்தாயா?" என்றார். "இல்லை." "அப்போ கோடு போடு." அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'எண்ணிக்கை தவறியது, கருவி பழுது' என்று எழுத வைத்தார். மற்ற கட்டங்களெல்லாம் நிரம்பியிருக்க நடுவில் அந்தக் கோடு அசிங்கமாகத் தெரிந்தது. திரும்பி நடக்கும்போது மட்டும் சொன்னார், "வெற்றுக் கட்டத்தை அப்புறம் நிரப்பலாம். பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது." அடுத்த நாளிலிருந்து கிளிக்கரைச் சின்ன பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டேன். நீங்களும் ஒன்று எடுத்துப் போங்கள்.

பகலில் மாஸ்க் போட்டு ஆமைகளைப் படம் எடுக்கும் வேலை. முகத்தின் பக்கவாட்டில் இருக்கும் செதில்களின் அமைப்பு நம் கைரேகை மாதிரி, ஆமைக்கு ஆமை மாறும். இடது கன்னம் ஒன்று, வலது கன்னம் ஒன்று, இரண்டும் வேண்டும். துரத்தினால் கிடைக்காது. அது புல் மேய்கிற இடத்தில் தள்ளி மிதந்துகொண்டே இருந்தால் மூச்சு விட மேலே வரும்போது தானாகவே கன்னத்தைக் காட்டும். கிளாத்தி மீன் குடும்பத்தில் பெரிய வகை ஒன்று அங்கே உண்டு, கூடு கட்டியிருந்தால் கடிக்க வரும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேலே போகப் போக விரியும் புனல் மாதிரி. பயந்து மேலே போனால் அதன் எல்லைக்குள்ளேயே போகிறீர்கள், பக்கவாட்டில் விலகுங்கள். என் துடுப்புச் செருப்பில் அதன் பல் தடம் இருக்கிறது. அந்த வருடம் ஏப்ரலில்தான் நான்காவது உலகளாவிய பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டிருந்தது. ஜூனில் மான்கொம்புப் பவளங்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றன. அதையும் கட்டம் போட்டு எண்ணினோம்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் பொரித்து வைக்கும் பொடி மீன் நம்முடைய நெத்திலியேதான். சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே மீன் பொடியும் இறால் விழுதும் சேர்ந்த குழம்பையும் காய்கறி என்று வைத்துவிடுவார்கள்.

ஊருக்குள் போவதைப் பற்றிக் கொஞ்சம். சின்னத் தீவில் ஒரு மீனவ கிராமம் இருக்கிறது, மலாய் முஸ்லிம்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும், வெள்ளிக்கிழமை மதியம் எந்த வேலைக்கும் அவர்களை அழைக்காதீர்கள். ஆமை முட்டை தின்பது பற்றி யாரிடமும் பிரசங்கம் பண்ணாதீர்கள். திரங்கானுவில் எல்லா ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் தடை வந்தது 2022 ஜூன் மாதம்தான், அதற்கு முன்னால் ஏழுவரி ஆமையின் முட்டைக்கு மட்டும்தான் தடை. ஒரு பெரியவர் என்னிடம், சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா ஆமை முட்டைதான் கொடுப்பார் என்றார். குழுவில் இருந்த ஒரு ஐரோப்பியப் பெண் முகத்தைச் சுளித்தாள். எனக்குச் சுளிக்க வரவில்லை. எங்கள் தூத்துக்குடியில் உடம்புக்கு நல்லது என்று ஆமை ரத்தம் வாங்கிக் குடித்த காலத்தை ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அப்புறம் அவர்தான் எந்தப் பாறைப் பக்கம் உடும்பு வந்து கூட்டைத் தோண்டும் என்று காட்டினார். அங்கே கூடுகளின் மேல் வலை போட்டோம்.

காசில்லாமல் கற்றுக்கொள்வது பற்றிச் சொல்கிறேன் என்றேனே. சென்னையில் மாணவர்களே நடத்தும் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு ஒன்று 1988 முதல் இயங்குகிறது. ஜனவரியிலிருந்து பருவம் முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து பங்குனி ஆமைக் கூடுகளைத் தேடுவார்கள், பொதுமக்களையும் கூட்டிப்போவார்கள். நான் அவர்களோடு இரண்டு பருவம் நடந்தேன். விண்ணப்பத்தில் என் மதிப்பெண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இந்த நடையைப் பற்றித்தான் கேட்டார்கள். இரவெல்லாம் நடந்து ஒரு ஆமைகூடப் பார்க்காமல் திரும்பும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, அடுத்த வாரமும் போகத் தோன்றுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். டிக்கெட் காசு மிச்சம்.

திரும்பும்போது சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை இரவு, எத்தனை கூடு, என்னென்ன அளவெடுத்தீர்கள் என்று மேற்பார்வையாளர் கையெழுத்தோடு ஒரு பக்கம் வாங்கி வாருங்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது எனக்கு உதவியது அந்தப் பக்கம்தான்.

ஊருக்கு வந்து ஒன்றரை மாதம் கழித்து, ஆகஸ்ட் மாதம், காக்கிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்தக் கூடு பொரித்து மூன்று நாள் கழித்துத் தோண்டியிருக்கிறார்கள். வெற்று ஓடு 84, கரு வளர்ந்து பொரிக்காமல் நின்றது 9, வளரவே இல்லாதது 5. படிவத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். நான் இழுத்த கோடு அப்படியே இருக்க, அதன் மேல் பென்சிலால் 98 என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டிருந்தார்.